செலவும் தங்கலும்

சங்கத் தமிழில் 'செலவு' என்னும் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். பொருள் தேடிப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் கலக்கம் கண்டு தன் பயணத்தைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்குதல்' என்று இலக்கண நூலார் குறிப்பர். பிற்காலத்தில் அச்சொல் கைப்பணம் கரைவதைக் குறிக்கலாயிற்று. பொருள் ஏன் இவ்வாறு மாறிற்று என்பதைக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சுற்றித் திரும்பிய எவரும் மொழிநூல் பயிலாமலே விளக்கிவிடுவர். ஆயினும் நாம் ஈண்டு எழுத முற்படுவது பணத்தைப் பற்றியன்று. செலவுக்கு மறுபாதியாகிய தங்கலைப் பற்றி. பயணம் செல்ல நம் மக்களிடம் இன்று வண்டி இருக்கிறது, சாலை இருக்கிறது, சிறிது பணமும் இருக்கிறது. வழியில் வண்டியை நிறுத்தி, அடுப்பு மூட்டி, இரவு கண்ணயர்ந்து, காலையில் குளித்துப் புறப்பட ஓரிடம் இல்லை. இக்குறை நீங்கவேண்டும் என்பதும், அதை நீக்கும் ஆற்றல் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நம்மிடமே ஓரளவு இருக்கிறது என்பதும் எம் கருத்து.

குடும்பத்தோடு வண்டியில் வாழ்ந்தபடி ஊர் செல்வதை மேலைநாட்டார் கண்டுபிடித்த வழக்கம் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். பத்துப்பாட்டைப் பயின்றோர் அவ்வாறு எண்ணார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வாணிகராகிய உமணரின் வண்டி ஒன்று வருகிறது. யானையை விரட்டக் காவலிருப்போரின் குடிசைபோல் அதற்கு ஒரு கூரை. அதில் கோழி அடையும் கூடு. பெண்யானையின் முழங்காலை ஒத்த சிறிய உரல். கயிற்றால் பிணித்துத் தொங்கவிட்ட காடிப்பானை. குழந்தையைச் சுமந்த தாய் எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். சமையற்கட்டும் கோழிக்கூடும் கூரையும் குழந்தையும் ஒரே வண்டியில் நகர்கின்றன என்றால், அது வீடன்றி வேறென்ன?

நம் வட்டாரத்துக்கு நெருங்கிய மற்றொரு சான்றும் உண்டு. தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறப்பாட்டில் (102) அவ்வுமணர் மீண்டும் வருகின்றனர். மேடும் பள்ளமுமான நெடுவழியில் அச்சு முறிந்தால் என்செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிச் செல்வார்களாம். 'சேம அச்சு' என்பது அதன் பெயர். அதியன் மகனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் புலவர். நாமக்கல் சாலையில் செல்லும் ஒவ்வொரு லாரியின் அடியிலும் தொங்கும் 'ஸ்டெப்னி' சக்கரத்தைக் காணும்போதெல்லாம் எமக்கு இப்பாட்டு நினைவுக்கு வரும். வகுப்பில் இதைச் சொன்னால், லாரிப் பட்டறை வைத்திருப்போரின் பிள்ளைகள் அன்று மட்டும் உரைநூலைக் கவனித்துக் கேட்பர்.

உமணர் போயினர், கூண்டு வண்டி வந்தது. நம் பாட்டனார் காலத்தில் கந்தூரிக்கும் தேருக்கும் சந்தைக்கும் குடும்பம் முழுவதும் கூண்டு வண்டியில்தான் சென்றது. வைக்கோலைப் பரப்பி மேலே சமுக்காளம் விரித்து, அடியில் வாளியும் அரிக்கேன் விளக்கும் கட்டி, மாலையில் ஒரு சாவடியோ சத்திரமோ தென்னந்தோப்போ பார்த்து அவிழ்த்துவிடுவர். மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே கிணறு உள்ள இடத்தில்தான் நிற்பர். கிணறு உள்ள இடத்தில் மனிதர்க்கும் வசதி தானாக அமைந்தது. மோட்டார் வண்டிக்குத் தண்ணீர் காட்ட வேண்டியதில்லை. அதனால் நிற்குமிடத்தைப் பற்றிய கவலையையே நாம் விட்டுவிட்டோம் போலும்.

முற்றும் விட்டுவிட்டோம் என்றும் சொல்வதற்கில்லை. எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் தைப்பூசத்தையொட்டிப் பழனிக்குக் காவடி எடுத்துச் செல்வதை இவ்வட்டாரத்தில் அறியாதார் இல்லை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபு என்று அவர்கள் கூறுவர். பெண்டிர், பிள்ளைகள், முதியோர் அனைவரும் செல்லும் அப்பயணத்தில் நின்று சமைக்கவும் உறங்கவும் மரபுவழி வந்த இடங்கள் உண்டு. சமையலுக்கென ஆட்களும் உண்டு. எவர் எப்பணி செய்வது என்னும் வரையறையும் உண்டு. பழனி மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமையையும் அவர்கள் பெற்றிருக்கின்றனர். ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே செல்லும் அப்பெரும்பயணம் ஒழுங்காக நடக்கிறது. இருபது பேர் வேன் அமர்த்திச் செல்லும் விடுமுறைப் பயணமோ குழப்பத்தில் முடிகிறது. நிற்குமிடம் இன்னது என்று முன்பே வரையறுக்கப்பட்டிருப்பதுதான் இவ்வேறுபாட்டுக்கு முதற்காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இனி, மேலைநாட்டார் வழக்கத்தைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது சில படங்களைக் காட்டினார். அவருடைய காரின் பின்னால் ஒரு பெட்டி பூட்டப்பட்டிருந்தது. இடுப்பளவு உயரந்தான். நம் ஊர் டிராக்டர் டிரெய்லருக்கு மூடி போட்டதுபோல் இருக்கும். தங்குமிடம் சேர்ந்தவுடன் கைப்பிடியைச் சுழற்றினால் மேற்கூரை எழும்புகிறது. இருபுறமும் படுக்கைகள் இழுப்பறைபோல் வெளியே நீள்கின்றன. சுற்றிலும் கித்தான் துணி சுவராக நிற்கிறது. உள்ளே சிறிய அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, நான்கைந்து பேர் படுக்க இடம். மறுநாள் மடக்கிவிட்டால் மீண்டும் பெட்டி. இதைத் தமிழில் 'மடக்குக் கூடார வண்டி' எனலாம். நல்ல சொல் கிடைத்தால் மாணவர் எழுதியனுப்புக.

அவ்வண்டியைவிட எம்மைக் கவர்ந்தது அது நின்றிருந்த திடல். புளோரிடா மாநிலத்தில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1971 அக்டோபரில் தம் பெரும் கேளிக்கைப் பூங்காவைத் திறந்தனர். அடுத்த மாதமே, அதன் அருகில் ஏறத்தாழ 750 ஏக்கர் காட்டுநிலத்தில் கூடாரம் அடித்துத் தங்குவோர்க்கென ஒரு திடலையும் திறந்தனர். வண்டி நிறுத்த அளந்துவிட்ட மனை, மனைதோறும் தண்ணீர்க்குழாய், மின்இணைப்பு, அமர்ந்து உண்ண ஒரு மேசை, நடக்கும் தொலைவில் குளியலறையும் கழிப்பறையும் துணி துவைக்கும் இடமும். அங்கிருந்து பூங்காவுக்குப் படகில் செல்லலாம். செல்வர்க்கு மாளிகை விடுதிகளைக் கட்டிய அதே நிறுவனம், காரில் சோறு கட்டி வரும் குடும்பத்துக்கும் இடம் ஒதுக்கியது. அறச்சிந்தையால் செய்ததன்று, வணிகக் கணக்குத்தான். விடுதிக்கு வர இயலாத குடும்பம் திடலுக்கு வரும். திடலுக்கு வந்தால் பூங்காவுக்கும் நுழைவுச்சீட்டு வாங்கும். இந்த எளிய கணக்கை நம் நாட்டுப் பூங்காக்காரர் போடாதது எமக்கு வியப்பே.

நம்மவர் செல்லும் கேளிக்கைப் பூங்காக்களும் இன்று குறைவல்ல. மேட்டுப்பாளையத்தருகே நீர்விளையாட்டுப் பூங்கா உண்டு. கொச்சியில் 2000ஆம் ஆண்டிலும், பெங்களூரை அடுத்த பிடதியில் 2005ஆம் ஆண்டிலும் பெரிய பூங்காக்கள் எழுந்தன. சேலம், நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோட்டிலிருந்து இவை யாவும் ஓர் இரவுப் பயணத் தொலைவே. அதுவே வினையாகவும் முடிகிறது. ஓர் இரவில் சென்றுவிடலாம் என்பதால் எவரும் தங்குவதில்லை. தங்குவதில்லை என்பதால் எவரும் தங்குமிடம் அமைப்பதில்லை.

சென்ற கோடையில் எம் குடும்பத்தார் இருபத்திருவர் இரண்டு வேன்களில் அத்தகைய ஒரு பூங்காவுக்குச் சென்றோம். இரவு பத்து மணிக்குப் புறப்பாடு. தூக்குவாளிகளில் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு. நாமக்கல் சீமையாதலால் அவித்த முட்டை ஒரு கூடை. எழுபது வயது கடந்த நன்னியார் மாலை முதலே தண்ணீர் அருந்தவில்லை. நாம் குவளையை நீட்டியபோது, "தண்ணி குடிச்சா எறங்கணும் அத்தா. எறங்குனா எங்க போறது?" என்றார்கள். அருகிலிருந்த மருமகளும் குவளையை வாங்கவில்லை. அன்றிரவு இரு வேன்களிலும் பெண்கள் பதினொருவர். கைக்குழந்தைகளைத் தவிர எவரும் தண்ணீர் குடித்ததாகத் தெரியவில்லை. ஆடவராகிய நமக்குச் சாலையோரம் எங்கும் இடந்தான். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ள பெண்கள் பன்னிரண்டு மணிநேரம் நாவறண்டு இருப்பதே நம் உல்லாசப் பயணத்துக்கு அவர்கள் தரும் கட்டணம். மருத்துவரைக் கேட்டால் அக்கட்டணம் எவ்வளவு என்று சொல்வார்.

விடியற்காலையில் பூங்காவின் வெளித்திடலை அடைந்தோம். வாயில் திறக்க நான்கு மணிநேரம் இருந்தது. முகம் கழுவ ஒரே குழாய். அதன்முன் எட்டு வேன்களின் கூட்டம். தேநீர் போட அடுப்பைப் பற்றவைக்க முயன்ற ஒரு குடும்பத்தாரைக் காவலர் தடுத்தார். வண்டிகள் நெருங்கி நிற்குமிடத்தில் அடுப்பு கூடாதென்று அவர் சொன்னது முற்றிலும் சரியே. வேறெங்கே பற்றவைப்பது என்று கேட்டதற்கு மட்டும் அவரிடம் மறுமொழி இல்லை. அவர் என்செய்வார் பாவம், அவர் சம்பளக்காரர்.

பகல் முழுவதும் பிள்ளைகள் நீரில் ஆடினர். மாலை ஆறு மணிக்குத் திரும்பும் நேரம் வந்தது. எம் வேன் ஓட்டுநர் இளைஞர். முதல்நாள் பகலில் ஒரு திருமண வீட்டுக்கு ஓட்டிவிட்டு, இரவு நம்மை ஏற்றிவந்து, பகலில் வெயிலில் நின்ற வண்டிக்குள் இரண்டு மணிநேரம் புரண்டு படுத்திருக்கிறார். மீண்டும் இரவு முழுவதும் ஓட்டவேண்டும். முன்னிருக்கையில் அமர்ந்த மைத்துனர் அவர் கண்ணயராதிருக்க ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பவானி கடந்தபின் மைத்துனரும் உறங்கிவிட்டார். வண்டி பத்திரமாக வீடு சேர்ந்தது. அவ்வாறு சேராத வண்டிகளைப் பற்றி மே மாதத்துக் காலைச் செய்தித்தாள்களில் நாம் படிக்கிறோம். 'ஓட்டுநர் தூக்கக் கலக்கம்' என்று மூன்று சொற்களில் காரணம் எழுதப்பட்டிருக்கும். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணிநேர வேலை என்று வரையறுத்திருந்தது. அச்சட்டம் நம் வேனுக்குள் ஏறியதில்லை. நாமும் ஏற்றியதில்லை. வழியில் ஐந்து மணிநேரம் நிறுத்தி அவரை உறங்கவைக்க ஓரிடம் இருந்திருப்பின், நிறுத்தத்தான் செய்திருப்போம். ஆதலின் தங்கல் என்பது சொகுசுக்கான பேச்சன்று. இருபத்திரண்டு உயிர்களைப் பற்றிய பேச்சு.

அடுப்பைப் பற்றியும் விரிவாகச் சொல்லவேண்டும். 2023 ஆகஸ்டு 26ஆம் நாள் விடியற்காலையில் மதுரை இரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்தது. இலக்னோவிலிருந்து பல தலங்களைக் காணப் புறப்பட்டு வந்தவர்கள் அதில் இருந்தனர். இரயிலில் கொண்டுவரக்கூடாத எரிவாயு உருளையைக் கொண்டுவந்து, உள்ளேயே அடுப்பு மூட்டியதால் விளைந்த தீ அது. ஒன்பதுபேர் மாண்டனர். விதியை மீறினர் என்பது உண்மை. காலையில் எழுந்ததும் முதியோர்க்குச் சூடாக ஏதேனும் தரவேண்டும் என்று எண்ணியிருப்பார்கள் என்பதும் உண்மையாகத்தான் இருக்கவேண்டும். அதே எண்ணத்தோடு நம் ஊர் வேன்களின் பின்னிருக்கையடியில் ஐந்து கிலோ சிலிண்டர்கள் இன்றும் பயணம் செய்கின்றன. எரிவாயு டேங்கர் லாரிகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் எரிவாயுவின் இயல்பை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. டேங்கர் ஓட்டுநர் தம் வண்டியருகே தீக்குச்சி கிழிக்கமாட்டார். அவரே குடும்பத்தோடு சுற்றுலா போகும்போது சிலிண்டரைச் சாக்கில் சுற்றி ஏற்றுகிறார். தடை ஒன்றே போதுமென்றால் மதுரையில் அவ்விபத்து நேர்ந்திராது. தடை அங்கும் இருந்தது.

தடையோடு மாற்றும் தந்தால் என்ன நிகழும் என்பதற்கு நம் சமுதாயப் பெரியோர் பலர் நேரில் கண்ட சான்று உண்டு. ஹஜ்ஜின்போது மினாவில் இறையில்லம் நாடி வந்தோர் தங்கும் கூடாரங்களில் 1997 ஏப்ரல் 15ஆம் நாள் பெருந்தீ மூண்டது. 343 பேர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபதாயிரம் கூடாரங்கள் எரிந்தன. சமையல் அடுப்பிலிருந்து பரவிய தீ என்றே கூறப்பட்டது. அதன்பின் சவூதி அரசு பருத்தித் துணிக் கூடாரங்களை அறவே நீக்கி, தீப்பற்றாத கண்ணாடியிழைத் துணியால் நிலையான கூடாரங்களை அமைத்தது. கூடாரத்துள் எரிவாயு அடுப்பைத் தடுத்தது. அதே வேளையில் உணவுக்கும் தண்ணீருக்கும் வழி செய்தது. இன்று ஏறத்தாழ ஒரு லட்சம் கூடாரங்கள் உள்ள நகரம் அது. ஹஜ் முடித்து வந்தோர் நெரிசலைப் பற்றிச் சொல்வர். வெயிலைப் பற்றிச் சொல்வர். அடுப்பைப் பற்றி எவரும் குறைசொல்லக் கேட்டதில்லை. நாம் கேட்பது ஒரு லட்சம் கூடாரமன்று. ஐம்பது வண்டி நிற்க ஒரு திடல். அதன் ஒரு மூலையில், வண்டிகளுக்கு எட்டத்தில், ஓடு வேய்ந்த பொதுச் சமையற்கூடம்.

அரசினர் இதனை எண்ணவில்லையோ எனில், எண்ணியிருக்கின்றனர், வேறு விதமாக. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்து, 2022இல் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவைக் குறிப்பிடுகிறது. கேரவன் என்றதும் நம் நினைவுக்கு வருவது திரைப்பட நடிகர் ஒப்பனைக்கு அமரும் குளிர்சாதன வண்டி. இச்சொல்லின் கதை சுவையானது. 'கார்வான்' என்னும் பாரசீகச் சொல் பாலைவழியில் கூட்டமாகச் செல்லும் வணிகரைக் குறித்தது. கூட்டம் என்பதே அதன் உயிர். அது ஐரோப்பியர் நாவில் புகுந்து, வண்டியைக் குறித்து, நம்மிடம் வந்து சேர்ந்தபோது, கூட்டத்திலிருந்து விலகித் தனித்திருக்க விரும்புவோரின் வண்டியாகிவிட்டது. சொல் வந்த வழியில் 'சராய்' என்னும் மற்றொரு சொல்லைத் தவறவிட்டுவிட்டோம். கார்வான் இறங்கித் தங்கும் இடம் சராய். ஷேர்ஷா 1540 முதல் 1545 வரை ஆண்ட குறுகிய காலத்தில் பெருவழிகளில் 1,700 சராய்களை அமைத்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் எழுதுவர். கிணறும் நிழல்மரமும் அவற்றில் இருந்தன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் வழக்கப்படி உணவு கொள்ளத் தனித்தனி ஏற்பாடும் இருந்தது. தென்னாட்டில் இராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்ததை மதுரைக்குச் சென்ற எவரும் அறிவர். அவர்கள் வழிப்போக்கர்க்கு வண்டி செய்துகொடுக்கவில்லை, இறங்குமிடம் செய்துகொடுத்தனர். வண்டி அவரவர் பாடு.

இன்றைய கொள்கைகள் வண்டியிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே அவை சிலருக்கே பயன்படும். திடலிலிருந்து தொடங்கினால் வேன், கார், டெம்போ, ஏன், மாட்டு வண்டியும் வந்து நிற்கும். மடக்குக் கூடார வண்டியும் தானே பிறக்கும். அதைச் செய்வதற்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் 'பாடி' கட்டும் பட்டறைகளையும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று 'ரிக்' வண்டி செய்யும் பட்டறைகளையும் கண்டோர் இதை ஒப்புவர். ஓட்டுநரும் உதவியாளரும் மாதக்கணக்கில் வாழும் அறையை இங்குள்ள தச்சரும் கொல்லரும் கட்டித் தருகின்றனர். இருக்கைக்குப் பின்னே படுக்கைப் பலகை; பாத்திரங்களுக்குப் பெட்டி; தண்ணீர்க் கேனுக்கு வளையம்; மேலே மூன்று சமயத்துப் படங்களும் ஒட்ட இடம். புதிதாக உற்பத்தியாகும் பெரிய சரக்குந்துகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவும் செய்பவர்க்கு நான்கு சக்கரப் பெட்டியில் மடங்கும் கூரை அமைப்பது அரிய வேலையன்று. நிறுத்த இடமில்லாத ஊரில் அதை யார் வாங்குவர் என்பதே கேள்வி.

இதற்கு எழும் தடைகளையும் நாம் அறிவோம். "திடல் கொடுத்தால் குப்பைமேடாக்கிவிடுவர், குடித்துக் கூத்தாடுவர்" என்பது முதல் தடை. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மேட்டூரிலும், ஞாயிறு மாலையில் ஏற்காட்டு மலைவழியின் இருபது கொண்டையூசி வளைவுகளிலும் காணும் காட்சி இத்தடைக்கு வலுவூட்டும் என்பதை மறுப்பதற்கில்லை. பிளாஸ்டிக் இலை, நீர்ப்புட்டி, கண்ணாடிச் சில்லு, பாதி எரிந்த விறகு, அவற்றைக் கிளறும் குரங்கு. ஆனால் ஒன்றை நோக்குக. அக்குப்பை கிடப்பது வளைவிலும் பாறையிலும் ஆற்றோரத்திலும். அதாவது யார் பொறுப்பிலும் இல்லாத இடங்களில். கட்டணம் வாங்கி, வண்டி எண்ணைப் பதிந்து, வெளியேறும்போது மனையைப் பார்வையிட்டு முன்பணத்தைத் திருப்பித்தரும் இடத்தில் எவரும் இலையைப் போட்டுவிட்டுப் போகார். தம் வீட்டு வாசலைப் பெருக்கிக் கோலமிடும் பெண்கள்தாமே வேனிலும் வருகின்றனர்? குடியைப் பொறுத்தவரை, குடும்பத்தோடு வருவோர்க்கு மட்டும் இடம் என்று வாயிலில் எழுதி, அதன்படி நடப்பது ஒன்றே வழி. பல குடும்பங்கள் கூடித் தங்கும் திடலில், தனியிடத்தில் துணிபவனும் தயங்குவான்.

எங்கெங்கு வேண்டும்? மேட்டூர் அணையடியில் வேண்டும். 1934இல் அணை கட்டிமுடிந்த நாள்தொட்டு மக்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து குவியும் இடம் அது. ஏற்காட்டுக்கு மேலே வேண்டா, மலை தாங்காது. அடிவாரத்தில் வேண்டும். கொல்லிமலைக்கும் அவ்வாறே காரவள்ளியில் அமைதல் நலம். எழுபது வளைவுகளை இருட்டில் ஏறும் பித்து அதனால் ஓரளவு குறையும். இவை அரசும் உள்ளாட்சிகளும் செய்யவேண்டியவை. மனு கொடுப்போம், காத்திருப்போம்.

காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அதைக் கருதியே இம்மலரில் இதை எழுதுகிறோம். நம் சேலம் ஒரு நாற்சந்தி. காசுமீரத்திலிருந்து குமரிக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுச் செல்கிறது. கொச்சிக்குச் செல்லும் 544ஆம் எண் சாலை இங்கே பிரிகிறது. கார்த்திகை, மார்கழியில் ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் சபரிமலை செல்வோர், ஏர்வாடிக்கும் நாகூருக்கும் செல்வோர், வேளாங்கண்ணிக்குச் செல்வோர், விடுமுறையில் கடல் காணச் செல்வோர் அனைவரும் நம் ஊர் வழியாகவே செல்கின்றனர். புறவழிச்சாலையோரப் புளியமரத்தடியில், லாரிகள் உராய்ந்து செல்லும் தொலைவில், அவர்கள் அடுப்பு மூட்டுவதை நாள்தோறும் காண்கிறோம். அவ்வடுப்பைச் சுற்றிக் குழந்தைகள் ஓடுவதையும் காண்கிறோம்.

இதே சாலைகளின் ஓரத்தில் நம் சமுதாயத்தார் கட்டிய திருமண மண்டபங்கள் உள்ளன. ஆண்டில் பாதி நாளுக்கு மேல் அவை பூட்டிக் கிடக்கின்றன. சுற்றுச்சுவர் உண்டு, வண்டி நிறுத்தத் தளம் உண்டு, ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் கூடம் உண்டு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை உண்டு, ஆழ்துளைக் கிணறு உண்டு. கல்லூரிகளின் விளையாட்டுத் திடல்கள் மே மாதம் முழுவதும் ஆடு மேயக் கிடக்கின்றன. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினருள் வழிப்போக்கரும் ஒருவர் என்பதை இவ்வவையில் அமர்ந்துள்ள பெரியோர்க்கு நாம் எடுத்துரைப்பது மிகை. இங்கு நாம் கேட்பது ஸகாத்தும் அன்று; வண்டிக்கு இவ்வளவு என்று நியாயமான கட்டணம் வாங்கலாம். திருமணம் இல்லாத இரவுகளில் வாயிலைத் திறந்துவைக்க வேண்டும், அவ்வளவே. யார் எம்மதத்தவர் என்று கேளாமல் திறந்துவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க. ஐயப்பன்மார் வந்து இறங்கினால், அன்று சமையற்கூடத்தில் அவர்கள் பாத்திரத்தில் அவர்களே சமைத்துக்கொள்வர்; நமக்கு அதில் தொல்லை ஏதுமில்லை.

இதற்குப் புதிதாகத் தேவைப்படுவன சில. இரவுக் காவலர் ஒருவர்க்குச் சம்பளம், பெண்கள் பகுதிக்கு ஒரு பெண் ஊழியர், வண்டி எண்ணும் ஓட்டுநர் உரிமமும் பதியும் ஏடு, தீயணைப்பு உருளை நான்கு, மணல்வாளி சில. ஓட்டுநர் உறங்க, குழந்தைகளின் இரைச்சல் எட்டாத தனியறை ஒன்றைக் கட்டாயம் ஒதுக்கவேண்டும். மணமகன் அறை அதற்குப் பொருத்தம், மின்விசிறியும் நல்ல கட்டிலும் அங்குத்தான் இருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகையும் வேண்டும். அதன் வாசகத்தை எழுதித்தரத் தமிழ்த்துறை ஆயத்தமாக உள்ளது. தமிழில் மட்டும் எழுதிப் பயனில்லை; தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி ஆகியவற்றிலும் எழுதவேண்டும். அவற்றுக்கு ஆள் தேடும் பொறுப்பை இறுதியாண்டு மாணவர் ஏற்கலாம். லாரிப் பட்டறைகளில் கேட்டால் நான்கு மொழியும் எழுதும் ஓவியர் கிடைப்பார்.